பதினான்காவது வரி

திருப்பூர் அவினாசி ரோட்டில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனி. அதன் பேக்கிங் செக்‌ஷனில் மின்விசிறிக்கு நேர் கீழே, கம்ப்யூட்டர் முன்னால் கிடந்த சுழல் நாற்காலியைப் பற்றிப் பேச்சு வந்தால், முத்துப்பேச்சிக்கு இன்றும் முகம் மலர்ந்துவிடும். சும்மாவா? சங்கரன்கோவில் பக்கமிருந்து பிழைக்க வந்து, ஆறு வருஷம் செக்கிங் டேபிளில் நின்ற காலோடு பனியனைப் புரட்டி ஓட்டையும் கறையும் பார்த்தவள். கெண்டைக்கால் நரம்பெல்லாம் சுருட்டிக்கொண்டுவிட்டது.

2003இல் கம்ப்யூட்டர் பார்த்துக்கொண்டிருந்த அபிராமி கல்யாணமாகித் தாராபுரம் போக இருந்தாள். "இங்க ஆருக்காச்சும் கம்ப்யூட்டர் தெரியுமா?" என்று மேனேஜர் அர்த்தநாரி கேட்டார். முத்துப்பேச்சி கையைத் தூக்கிவிட்டாள். சுத்தப் பொய். கால் வலி கொடுத்த தைரியம் அது.

எட்டாம் வகுப்போடு நின்றவளுக்கு ஏபிசிடி தனித்தனியாகத் தெரியும், சேர்த்துப் படிக்க வராது. அபிராமி கிளம்புவதற்குள் இரண்டே நாளில், எது எத்தனையாவது வரி என்று எல்லாவற்றையும் எண்ணி வைத்துக்கொண்டாள். பனியனைப் பத்துப் பத்தாக எண்ணி அடுக்கிய கைக்கு அது ஒரு பெரிய விஷயமா? எக்செல்லில் மேலே முதல் மெனுவைத் தொட்டால் ஒரு நீளப் பட்டியல் தொங்கும். அதில் பதினான்காவது வரி பிரின்ட். இப்படியே காலண்டர் தாளின் முதுகில் குறித்து டிராயருக்குள் வைத்தாள். சரக்கு வாங்கும் வெளிநாட்டுப் பையர் அனுப்பிய தாளைப் பார்த்து எழுத்துக்கு எழுத்து அடித்து, அட்டைப்பெட்டிகளுக்கு ஸ்டிக்கர் எடுத்தாள். மூன்று வருஷம் ஒரு பயலுக்கும் சந்தேகம் வரவில்லை. ஆனால் யாராவது பின்னால் வந்து நின்றால் சட்டென்று டிராயரைச் சாத்திவிடுவாள்.

2006இல் துணியைச் சோதிக்க ஜெர்மனியிலிருந்து ஒருவர் வந்தார். இரண்டு நாள் அவளுடைய கம்ப்யூட்டரில்தான் ரிப்போர்ட் அடித்தார். தன் வசதிக்கு அதை ஜெர்மன் மொழிக்கு மாற்றினார், திரும்ப மாற்றாமலே பிளேன் ஏறிவிட்டார். மறுநாளிலிருந்து முத்துப்பேச்சி வழக்கம்போல ஸ்டிக்கர் எடுத்துக்கொண்டிருந்தாள். எழுத்து ஏதோ மாறியிருந்தது தெரிந்ததுதான். எப்படி இருந்தால் அவளுக்கென்ன? பதினான்காவது வரி அங்கேயேதான் இருந்தது.

மூன்றாம் நாள், ஆர்டர்களைக் கவனிக்கும் சசிகுமார் ஏதோ பார்க்க வந்து அவள் நாற்காலியில் உட்கார்ந்தான்.

"ஏனுங்க்கா, இது பூராம் ஜெர்மன்ல கெடக்குது. மூணு நாளா எப்படிங்க வேலை பார்த்தீங்க?"

அவள் எட்டி டிராயரைச் சாத்தினாள். அவன் வேறெதுவும் கேட்காமல் மாற்ற ஆரம்பித்தான். பாதிதான் மாறியது. மற்றதெல்லாம் இங்கிலீஷுக்கு வந்தது; எக்செல் மட்டும் ஜெர்மனிலேயே நின்றது. ஆஃப் பண்ணிப் போட்டான், மறுபடியும் போட்டான். ம்ஹூம். காதர்பேட்டையில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்த ஜெபக்குமாருக்குப் போன் போட்டான். "எக்செல்லுக்கு மொழி மாத்துற எடம் தனியா இருக்கு சார்," என்று ஜெபக்குமார் ஒவ்வொரு பேராகச் சொல்ல, அந்தப் பேர் எதுவும் ஜெர்மன் திரையில் இல்லை. அதற்குள் அர்த்தநாரியும் வந்து பின்னால் நின்றுவிட்டார்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் தப்பித்திருப்பாள். ஆனால் அவளுடைய கம்ப்யூட்டரை ஒருத்தன் திக்குத் தெரியாமல் தட்டிக்கொண்டிருப்பதை அவளால் பார்க்க முடியவில்லை.

"பேரெல்லாம் வேண்டாம் தம்பி. எத்தனாவது வரின்னு மட்டும் கேளுங்க."

ஜெபக்குமார் தன் கடைக் கம்ப்யூட்டரில் அதே இடத்தைத் திறந்து வரிகளை எண்ணிச் சொன்னான். முத்துப்பேச்சி சசிகுமாரை எழுப்பிவிட்டு உட்கார்ந்து, மவுஸை வாங்கி, உதட்டுக்குள் எண்ணி எண்ணி அழுத்தினாள். ஐந்தாவது. மூன்றாவது. அப்புறம் இரண்டாவது. எக்செல்லை மூடித் திறந்தபோது எல்லாம் இங்கிலீஷில் இருந்தது.

"ஏம்மா, உனக்கு இங்கிலீசு படிக்கத் தெரியாதா?" என்றார் அர்த்தநாரி.

"தெரியாது சார்." சொல்லிவிட்டு எழுந்து நின்றாள். திரும்பச் செக்கிங் டேபிள்தான் என்று முடிவே கட்டிவிட்டாள்.

அவர் சசிகுமாரைப் பார்த்தார். "இவ வந்தப்புறம் ஸ்டிக்கர் மாறி ஏதாச்சும் பெட்டி திரும்பி வந்திருக்குதா?"

"ஒண்ணு கூட இல்லீங்க."

"அப்புறம் எதுக்கு நிக்கிறே? லாரி வந்திரும், உக்காரு." அவர் போய்விட்டார். அவள் உட்கார்ந்து அடுத்த ஸ்டிக்கரை எடுத்தாள்.

2009இல் புதுக் கம்ப்யூட்டர் வந்தது. அதில் அவளுடைய பழைய எக்செல் இல்லை, புதுசு. தொங்கும் பட்டியலைக் காணோம். மேலே அகலமாக என்னென்னவோ படங்கள் பரப்பிக் கிடந்தன. காலண்டர் தாளைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். இத்தனை வருஷத்து எண்ணிக்கையும் போச்சே.

சசிகுமார் ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். அவளுக்கு இங்கிலீஷ் படிக்க வராததைப் பற்றி அவன் அதுவரை அவளிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

"தாளைத் திருப்புங்க்கா, புதுசா எழுதிக்கலாம்," என்றான். "மேல இடது மூலைல வட்டமா ஒண்ணு இருக்குதுங்களா? அதைத் தொடுங்க. பிரின்ட்டு அஞ்சாவது வரி."