அட்டை போர்த்திய இன்ஜின்

அட்டைப்பெட்டி ஆலையின் பின்கட்டில் டீசல் இன்ஜினோடு பாதி ஆயுளைக் கழித்தவரை எல்லோரும் இன்ஜின்காரர் என்றே கூப்பிட்டார்கள். தலை நரைத்தும் தினக்கூலிதான். இன்ஜினுக்குள்ளே என்ன நடக்கிறது என்று ஒருமுறை கேட்டதற்கு, "சாவி திருப்புறவனுக்குச் சாஸ்திரம் எதுக்குய்யா?" என்று மேலாளர் வாயை அடைத்துவிட்டார். அறிவைப் பூட்டி வைப்பவர்களுக்குத் திருட்டுப் பட்டம் கிடைப்பதில்லை.

"டீசலைக் குறைச்சுக் காட்டு, உன்னை நிரந்தரமாக்குறேன்" என்று முதலாளி சொன்னதிலிருந்து அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. ரேடியேட்டர் வழியே அனல் வெளியே கொட்டுவதைப் பார்த்து வயிறெரிந்தார்.

"மூடி போட்டா உலை சீக்கிரம் கொதிக்குது. இன்ஜினுக்கும் மூடி போட்டா?" என்றார் மனைவியிடம்.

"என் சட்டியில படிச்ச பாடமா? நிரந்தரமானா சட்டிக்கும் ஒரு சம்பளம் கேளுங்க!"

மறுநாள் ரேடியேட்டரை அட்டையால் இறுக்கிக் கட்டினார். சூடு காட்டும் முள் எப்போதோ செத்துவிட்டது. மாற்றித் தரச் சொல்லி அலுத்துப் போயிருந்தார். மதியத்துக்குள் இன்ஜின் முக்கி, கிறீச்சிட்டு, நின்றது.

பிரித்துப் பார்த்த மெக்கானிக் தலையில் அடித்துக்கொண்டான். "அண்ணே, இது உலையில்லண்ணே! காத்தை அமுக்கினா சூடேறும். அந்தச் சூட்டுல டீசல் பட்டதும் பத்திக்கும். பத்துனது விரிஞ்சு பிஸ்டனைத் தள்ளும், தண்டு சுத்தும். ஆனா எல்லாச் சூடும் சுத்தறதுக்கு ஆகாது. மேட்டுத் தண்ணி பள்ளத்துல விழுந்தாத்தானே சக்கரம் சுத்தும்? சூடும் அப்படித்தான், குளிர்ந்த பக்கம் மிச்சம் போயே ஆகணும். நீங்க வழியை அடைச்சிட்டீங்க. பிஸ்டன் வீங்கி சிலிண்டரைக் கவ்விடுச்சு."

"அப்ப அந்த அனல் வீணில்லையா?"

"வீண்தான். அந்த வீண் இல்லாம இன்ஜினே இல்ல."

ஒரு தேநீர் ஆறும் நேரத்தில் முடிந்துவிட்டது, இத்தனை வருடம் யாரும் சொல்லாத விஷயம். "படிக்காத முட்டாளை வெச்சா இப்படித்தான்" என்றார் மேலாளர். முதலாளி நிமிர்ந்துகூடப் பார்க்காமல் வாசலைக் காட்டினார்.

வீட்டில் அவர் உட்காராமலே ஆரம்பித்தார். காற்று அமுங்குவது, டீசல் பற்றுவது, பிஸ்டன் இறங்குவது என்று கைகளால் காட்டிக் காட்டி, ஒன்று விடாமல் சொன்னார். அவள் அடுப்பை அணைத்துவிட்டு முழுவதும் கேட்டாள்.

"எல்லாம் சரிங்க. நாளைக்கு வேலைக்குப் போவீங்கல்ல?"

அவர் மறுபடியும் காற்று அமுங்குவதிலிருந்து தொடங்கினார்.