நான்காவது கணினி

வயர் சார் தேர்வு நடத்த வருகிறார் என்றால் மூன்றாம் மாடி ஆய்வகத்தில் ஈ காக்கை இருக்காது. பெற்றவர்கள் வைத்த பெயர் என்னவோ, பல்கலைக்கழகம் முழுக்க அவர் வயர் சார்தான். மற்ற ஆசிரியர்கள் செய்முறைத் தேர்வில் கேள்வி கேட்டே ஆளைக் கொல்வார்கள். இவர் வாயையே திறக்க மாட்டார். ஒரே பதிவேட்டை ஐந்து கணினிகளில் பிரதி வைத்து நடத்தும் தரவுத்தளம் ஒன்றை மாணவர் கட்டியிருக்க வேண்டும். இவர் வந்து நிற்பார், ஒரு பார்வை பார்ப்பார், மனசுக்குப் பிடித்த இரண்டு கணினிகளின் நெட்வொர்க் வயரைப் பிடுங்குவார். மிச்ச மூன்றும் சேர்ந்து வேலையைத் தொடர்ந்தால் பாஸ். நின்றுபோனாலும் ஃபெயில், பொய் சொன்னாலும் ஃபெயில். கேட்க எவ்வளவு சுலபமாக இருக்கிறது பாருங்கள்! போன முறை பதினாறு பேரில் ஒன்பது பேர் மண்ணைக் கவ்வினார்கள்.

அந்த ஒன்பதில் அக்காவும் ஒருத்தி. அக்காவுக்கு வயது நாற்பத்தொன்று. கூடப் படிப்பவர்களுக்கோ இருபத்திரண்டு, இருபத்து மூன்று. முதல் நாள் அவள் வகுப்புக்குள் நுழைந்ததும், ஆசிரியர் வந்துவிட்டார் என்று எல்லோரும் எழுந்து நின்றார்கள். "அட உக்காருங்கப்பா, நானும் உங்க கூடப் படிக்கத்தான் வந்திருக்கேன்" என்று சொல்லிவிட்டுக் கடைசி பெஞ்சுக்குப் போனாள். அன்றிலிருந்து எல்லோருக்கும் அவள் அக்கா.

அதற்கு முன் பதினோரு வருடம் ஒரு மருத்துவமனையின் ரத்த வங்கியில் கவுண்டர் வேலை. பழைய கட்டடத்தில் ஒரு கவுண்டர், புதுக் கட்டடத்தில் ஒரு கவுண்டர், ஆளுக்கொரு கணினி. ஒருநாள் மதியம் இரண்டுக்கும் நடுவே லைன் அறுந்துவிட்டது. திரையில் எந்த மாற்றமும் இல்லை, அதுதான் வினை. அரிய வகை ரத்தம், ஒரே ஒரு பை. "இருக்கா?" என்று ஒரு தகப்பன் வந்து கேட்டார். திரையைப் பார்த்து, "இருக்கு, கவலைப்படாம போங்க" என்றாள் இவள். அதே பையை அரை மணி முன்னால் இன்னொரு கட்டடத்தில் வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். வெளியிலிருந்து வேறு பை வந்து சேர நான்கு மணி நேரம் ஆனது. குழந்தை பிழைத்துக்கொண்டது, நல்லவேளை. ஆனால் அந்த மனிதர் திரும்பி வந்து, சத்தம்கூடப் போடாமல், "இருக்குன்னு நீங்கதானேம்மா சொன்னீங்க?" என்று கேட்டார். அந்தக் கேள்விதான் அவளைப் பல்கலைக்கழகம் வரை இழுத்து வந்தது.

மருத்துவமனை இரண்டு வருடம் படிப்பு விடுப்பு கொடுத்தது. பாஸ் பண்ணினால் கணினிப் பிரிவு, இல்லாவிட்டால் பழைய கவுண்டர், பழைய நாற்காலி. இந்தத் தேர்வை இரண்டு முறைதான் எழுதலாம். இது இரண்டாவது. அவள் கட்டியிருந்ததும் ஒரு ரத்த வங்கிப் பதிவேடுதான்: பின்னால் ஐந்து கணினிகள், முன்னால் இரண்டு கவுண்டர் திரைகள். லிஃப்ட் மெக்கானிக்கான கணவர் காலையில் அவள் கைப்பையில் ஒரு டெஸ்டர் ஸ்க்ரூடிரைவரைப் போட்டார். எதற்கு என்று அவருக்கே தெரியாது. ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் மகள்தான், "அம்மா, ஃபெயிலானா திட்டு விழுமா, இல்ல பெரியவங்களுக்கு மட்டும் சலுகையா?" என்று கேட்டுச் சிரிக்கவைத்தாள்.

அந்தச் சிரிப்பு ஆய்வக வாசல் வரைக்கும்தான். தேர்வுக்கு ஒரு மணி நேரம் இருக்கும்போது நான்காவது கணினி கிளம்ப மறுத்தது. டிஸ்க் போயே போச்சு.

"ஏம்மா இப்படிப் பதறுறீங்க? நான் எதுக்கு இருக்கேன்?" என்றார் ஆய்வக உதவியாளர். நல்ல மனிதர், இருபது வருட சர்வீஸ். இரண்டாவது கணினியின் டிஸ்க்கை அப்படியே ஒரு புது டிஸ்க்கில் நகல் எடுத்து நான்காவதில் மாட்டினார். "எல்லாம் ஒரே சரக்குதானே. ஆன் பண்ணிப் பாருங்க."

கிளம்பிவிட்டது. "தெய்வம் மாதிரி வந்தீங்கண்ணா" என்று அவள் கையெடுத்துக் கும்பிட்டாள். அடுத்த நிமிடம் கதவு திறந்தது. வயர் சார், அவளைவிட மூன்று வயது சின்னவர், தலையசைத்துவிட்டு மதிப்பெண் தாளை மேஜையில் வைத்தார். "ஆரம்பிக்கலாமா? இனிமே கீபோர்டைத் தொடக் கூடாது."

"சரிங்க சார்" என்று சொல்லிவிட்டு அக்கா திரையைப் பார்த்தாள். இயங்கும் கணினிகளின் பட்டியல் ஓரத்தில் இருந்தது: ஒன்று, இரண்டு, மூன்று, இரண்டு, ஐந்து.

நான்கு இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு. ஒவ்வொரு டிஸ்க்கிலும் அந்தக் கணினியின் எண்ணை ஒரு சின்னக் கோப்பில் அவளே எழுதிவைத்திருந்தாள். நகல் எடுத்தபோது அந்த எண்ணும் சேர்ந்து வந்துவிட்டது. மாற்றியிருக்க வேண்டியது அவள்தான், பதற்றத்தில் மறந்துபோனாள். இப்போது நான்காவது கணினி, "நான்தான் இரண்டு" என்று கூசாமல் சொல்லிக்கொண்டிருக்கிறது. அது எழுதிக்கொண்டதை உண்மையான இரண்டும் எழுதிக்கொண்டதாக, ஐந்துக்கும் தலைமையாக நிற்கும் கணினி நம்பிவிடும். கொடுத்த பையைக் கொடுக்கவில்லை என்று ஒருநாள் அது சத்தியம் செய்யும்.

சார் சட்டைக் கையை மடித்துக்கொண்டிருந்தார். அக்காவின் மனசு கணக்குப் போட்டது. ஐந்தில் இரண்டை வரிசையாகப் பிடுங்க இருபது வழி. அதில் ஒன்றிரண்டு வழியில்தான் இந்த ஓட்டை வெளியே தெரியும். வாயை மூடிக்கொண்டிருந்தால் பாஸ்தான், கிட்டத்தட்ட நிச்சயம். நான்காவதை எடுத்துவிட்டால் மிச்சம் நான்கு. அதிலும் சார் இரண்டைப் பிடுங்குவார், இரண்டுதான் நிற்கும். ஐந்தில் மூன்று சேராமல் பதில் சொல்லாதே என்று நிரலை எழுதியவளே அவள்தான். அது நின்றுபோகும். அதுவும் நிச்சயம்.

யாருக்குத் தெரியப்போகிறது? ஒரு பத்து நிமிடம் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றால் போதும். பழைய நாற்காலிக்குப் போக வேண்டாம். அவளுக்கு அழுகை முட்டியது, தன்மேலேயே ஆத்திரம் வந்தது. அந்தத் தகப்பன் அன்றைக்கு ஒரு வார்த்தை திட்டியிருக்கக் கூடாதா?

கீபோர்டைத் தொடக் கூடாது என்பது விதி. வயரைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. மாணவரே பிடுங்குவார் என்று யார் கண்டார்கள்? அக்கா குனிந்து நான்காவது கணினியின் வயரை உருவிக் கீழே போட்டாள்.

உதவியாளர், "ஐயோ, என்னம்மா பண்றீங்க!" என்று அலறினார். வயர் சார் நிமிர்ந்து பார்த்தார். முதல் கவுண்டரிலிருந்து பதினேழாம் எண் பையைக் கேட்டார், திரை கொடுத்தது. முதல் கணினியின் வயரைப் பிடுங்கினார். தலைமை மாறியது, வேலை ஓடியது. பிறகு ஐந்தாவதைப் பிடுங்கினார். இரண்டாவது கவுண்டருக்குப் போய் அதே பதினேழாம் பை இருக்கிறதா என்று கேட்டார்.

திரை யோசித்தது. பிறகு எழுதியது: "பெரும்பான்மை இல்லை. இப்போது சொல்ல முடியாது."

"நின்னுபோச்சு" என்றார் சார். அவர் பேனா ஃபெயில் கட்டத்தின் மேல் நின்றது.

"ஆமா சார்."

"நாலாவதை ஏன் எடுத்தீங்க?"

அக்கா நான்காவது கணினியைக் காட்டினாள். டிஸ்க் போனதை, நகலை, இரண்டு இரண்டுகளைச் சொன்னாள். "எண்ணை மாத்த மறந்தது என் தப்புதான் சார், அண்ணன் மேல ஒண்ணும் இல்ல. விட்டிருந்தா ஓடியிருக்கும். ஆனா என்னிக்காவது ஒருநாள், இல்லாததை இருக்குன்னு சொல்லியிருக்கும். ரத்த வங்கி கவுண்டர்ல அதை ஒரு தடவை என் வாயால சொல்லிட்டேன் சார். இன்னொரு தடவை முடியாது."

சார் தாளைப் படித்தார், மறுபடியும் படித்தார். "'இரண்டு வயர்கள் பிடுங்கப்பட வேண்டும்'னு போட்டிருக்கு" என்றார் மெதுவாக. "யார் பிடுங்கணும்னு போடல. நானும் ஏழு வருஷமா நான்தான் பிடுங்கணும்னு நெனச்சிட்டிருக்கேன்." குனிந்து ஐந்தாவது கணினியின் வயரைத் திரும்பச் செருகினார். "நீங்க ஒண்ணு, நான் ஒண்ணு. இப்ப பாக்கலாம்."

இரண்டும் மூன்றும் ஐந்தும் ஒன்றையொன்று தேடிப் பிடித்துத் தலைமையைத் தேர்ந்தெடுக்க ஆறு விநாடி ஆனது. அக்காவுக்கு அது ஆறு வருடம். சார் மறுபடியும் இரண்டாவது கவுண்டரில் கேட்டார்.

"பை 17: இல்லை. முதல் கவுண்டரில் கொடுத்தாயிற்று."

சார் வேறு கட்டத்தில் டிக் அடித்துக் கையெழுத்துப் போட்டார். அக்கா நாற்காலியில் உட்கார்ந்து, அந்த 'இல்லை'யைப் பார்த்துப் பார்த்து அழுதாள்.

சார் கதவுவரை போய்த் திரும்பினார். "உங்க ரத்த வங்கியில எத்தனை கம்ப்யூட்டர் இருக்கு?"

"ரெண்டு சார்."

"ரெண்டுல ஏது பெரும்பான்மை? வேலையில சேர்ந்ததும் முதல்ல மூணாவதா ஒண்ணு கேளுங்க."

"கேக்கறேன் சார்" என்றாள் அக்கா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "வாங்காம விடமாட்டேன்."