பூப் பிரிக்கும் இயந்திரமும் வினோதாவின் கையெழுத்தும்

பாகலூர் வினோதாவுக்கு வளைந்து கொடுக்கத் தெரியாது என்று அவளுடைய மாமியாரே ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள். பதினொரு வருடம் ரோஜாப் பண்ணையில் நின்றுகொண்டே பூ தரம் பிரித்தவள். காம்பைக் கையில் எடுத்ததும் அதன் நீளம், மொட்டின் இறுக்கம், இதழ் ஓரத்துக் கருகல் எல்லாம் கண்ணில் பட்டுவிடும். பண்ணைக்காரரிடம் தெலுங்கிலும் லாரிக்காரரிடம் கன்னடத்திலும் மேற்பார்வையாளரிடம் தமிழிலும் சண்டை போட்டிருக்கிறாள். எந்த மொழியிலும் தோற்றதாகச் சரித்திரம் இல்லை.

ஹரீஷ்குமார் என்ற இன்ஜினியர் ஓசூர் சிப்காட்டில் ஒரு ஷெட்டை வாடகைக்குப் பிடித்தார். கேமராவே பார்த்துப் பூவைத் தரம் பிரிக்கும் இயந்திரம் செய்யப்போவதாகச் சொல்லி அவளைத் தேடி வந்தார். கம்ப்யூட்டர் அவருக்கு அத்துப்படி. ரோஜாவைப் பற்றி அரிச்சுவடி கூடத் தெரியாது. பண்ணை வேலை முடிந்த பிறகு வினோதா தன் செல்போனில் ஆயிரக்கணக்கில் படம் எடுத்து, எது எந்தத் தரம், ஏன் என்று ஒவ்வொன்றுக்கும் எழுதிக் கொடுத்தாள். இப்படிப் பதினாலு மாதம். அதற்குப் பிறகுதான் கம்பெனியில் அவளை வேலைக்குச் சேர்த்தார்கள்.

இப்போது பெங்களூரிலிருந்து மேகலா, திருமலை என்று முதலீட்டாளர்கள் இருவர் வந்து உட்கார்ந்திருந்தார்கள். பணம் போடுவதற்கு முன் இயந்திரத்தின் காப்புரிமை யாருடையது என்று தெளிவாகத் தெரிய வேண்டுமாம். விண்ணப்பத்தில் கண்டுபிடித்தவர் ஹரீஷ்குமார் ஒருவர்தான். வினோதா அவர் சொன்னபடி படம் எடுத்துக் கொடுத்த உதவியாள் என்று ஒரு தாள் தயாராக இருந்தது. இயந்திரம் தன்னுடைய கண்டுபிடிப்பும்தான் என்று சொல்லி, அதில் கையெழுத்துப் போட அவள் ஒரு வாரமாக மறுத்துக்கொண்டிருந்தாள்.

திருமலைக்குப் பொறுமை இல்லை. “ஒரு சூப்பர்வைசர் போஸ்ட் குடுத்து முடிங்க. படம் எடுத்தவங்க எல்லாம் சொந்தம் கொண்டாட முடியுமா?”

“அவங்க சொல்றது நிஜம்னா நாளைக்குக் கோர்ட்ல நாமதான் நிக்கணும்,” என்றார் மேகலா. அவர் சோதனை அறிக்கையைப் புரட்டிக்கொண்டிருந்தார். “ஹரீஷ், சில நாள்ல இந்த மெஷின் பாதி விரிஞ்ச பூவை முதல் தரம்னு எடுக்குது. மத்த நாள்ல அதையே தள்ளிடுது. ஏன்?”

ஹரீஷ்குமார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “சின்னக் கோளாறு மேடம். அடுத்த வெர்ஷன்ல சரி பண்ணிடுவோம்.”

வினோதாவுக்குச் சுர்ரென்று கோபம் ஏறியது. கோளாறாமே!

“கோளாறு இல்லீங்க. அந்தத் தேதியெல்லாம் பாருங்க. அமாவாசை, வரலட்சுமி நோன்பு, ஆயுத பூஜை, எல்லாத்துக்கும் மொத நாளு. வெளிநாட்டுக்குப் போற பூ இறுக்கமா மூடியிருக்கணும். சாமிக்கு வெக்கிற பூ விரிஞ்சு நிக்கணும். பண்ணைக்குப் போன புதுசுல இது தெரியாம, நோன்புக்கு மொத நாளு மூடுன மொட்டாப் பொறுக்கி அனுப்பிட்டேன். போன வண்டி அப்படியே திரும்பி வந்துச்சு. பண்ணையே என்னையப் பாத்துச் சிரிச்சுச்சு. அந்த அவமானத்துல கத்துக்கிட்டதைத்தான் மெஷினுக்குச் சொல்லிக் குடுத்தேன். நாள்காட்டியப் பாத்து எந்த நாளுக்கு எந்தப் பூன்னு எழுதினது நானு. காப்புரிமை சார் பேர்ல இருக்குது, விஷயம் சாருக்கே தெரியலையே.”

மேகலா செல்போனில் பஞ்சாங்கத்தைத் திறந்து தேதிகளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். எல்லாம் பொருந்தின. “இந்தத் தாளை நம்பி நான் பணம் போட மாட்டேன்,” என்றார்.

“அப்ப வக்கீல், நோட்டீஸ்னு ஆறு மாசம் இழுக்கும். நான் கிளம்புறேன்.” திருமலை பையைக் கையில் எடுத்தார்.

ஹரீஷ்குமாரின் குரல் இறங்கியது. “அக்கா, இவங்க போயிட்டா கம்பெனியை மூடணும். இருபத்திரண்டு பேருக்கு வேலை போயிடும். அந்தப் பாவம் உங்களுக்கு வேணுமா?”

அவளுக்கு வலித்தது. அந்த இருபத்திரண்டு பேரில் பாதிப் பேர் அவளே பாகலூரிலிருந்து கூட்டி வந்த பெண்கள். ஆனால் வலித்ததற்காகத் தன் பேரை விட்டுக்கொடுக்க அவள் தயாராக இல்லை.

பிரிண்டரிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை உருவினாள். ‘இந்த இயந்திரத்தைக் கண்டுபிடித்தவர்கள் ஹரீஷ்குமார், வினோதா’ என்று எழுதினாள். கீழே கையெழுத்துப் போட்டு, பேனாவோடு அவர் பக்கம் தள்ளினாள்.

“உங்க பேரை நான் எடுக்கல சார். என் பேருக்கு முன்னாடியே எழுதியிருக்கேன். நான் போட்டுட்டேன். இருபத்திரண்டு பேரும் இப்ப உங்க கையெழுத்துக்குத்தான் காத்துக்கிட்டு நிக்கிறாங்க.”