வெயிலில் விழுந்த இடி

ஆந்திர எல்லையில் இருக்கும் நகரியில் எங்கள் வீட்டுக்கு மாடி எழும்பியது என் கணவர் குவைத்துக்கு வேலைக்குப் போன பிறகுதான். பக்கத்தில் எங்கள் தறிக் கொட்டகை. வெள்ளிக்கிழமை அவருக்கு லீவு, மதியத்தில் போன் பண்ணுவார்.

அப்படியொரு வெள்ளிக்கிழமை, பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருந்தார்கள்; நாத்தனார் மொட்டைமாடியில் சாயம் போட்ட நூலைக் காயவைத்திருந்தாள். மலைக்கு அந்தப் பக்கம் வானம் கறுத்துக் கிடந்தது. எங்கள் தலைக்கு மேலே நல்ல வெயில்.

"நூலை எடுத்துக்கினு எறங்கிடு" என்று படியடியிலிருந்து கத்தினேன்.

"அது எங்கியோ தூரத்துல பெய்யுது அண்ணி. போன் அடிக்குது பாருங்க."

சுவரோரம் இருந்த ஒயர் போனை எடுக்கக் கையை நீட்டினேன். கண்ணெல்லாம் வெள்ளையாகிவிட்டது. சத்தம் காதில் கேட்கவில்லை, நெஞ்சில் இடித்தது. பார்வை திரும்பியபோது போன் கருகித் தரையில் கிடந்தது. சுவருக்குள் ஒயர் போன வழியெல்லாம் பூச்சு வெடித்து உதிர்ந்திருந்தது.

நாத்தனாரைக் கூப்பிட்டேன். படிகளில் தவழ்ந்துதான் ஏறினேன். மேல்படியில் நூலை மார்போடு அணைத்தபடி உட்கார்ந்திருந்தாள். கைப்பிடிச் சுவரின் மூலை சிதறி, கம்பி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. நான் பேசியது அவளுக்குக் கேட்கவில்லை. எனக்குப் பின்னால் கையைக் காட்டினாள். கொட்டகைக் கூரையில் புகை.

அக்கம்பக்கத்தார் ஓடிவந்து மெயினை அணைத்து, மண்ணை வாரிக் கொட்டித் தீயை அடக்கினார்கள்.

மறுநாள் டெலிபோன் பூத்திலிருந்து கணவரிடம் பேசினேன்.

"அவளைப் பேசச் சொல்லு" என்றார்.

"அவளுக்குக் காது கேக்கல."



திருப்பதியிலிருந்து வந்து வீட்டைப் பார்த்த மின் பொறியாளர் தெலுங்கில் விளக்கினார். சாதாரண மின்னல் மேகத்தின் அடிப்பாகத்திலிருந்து இறங்குமாம். அது மைனஸ் கரண்ட். இது மேகத்தின் உச்சியிலிருந்து வரும் பிளஸ் மின்னலாக இருக்கலாம், மழையை விட்டுப் பல மைல் தள்ளியும் விழும், கரண்ட் அதிக நேரம் நிற்பதால் தீப்பிடிக்கும் என்றார். இடிதாங்கி வைக்கச் சொன்னார்.

"வச்சிட்டா விழாதா சார்?"

"விழும்மா. சுவருக்குள்ள புகாம மண்ணுக்குப் போகும். இடி சத்தம் கேட்டாலே போனைத் தொடாதீங்க."

இடிதாங்கி வைத்தோம். நாத்தனாருக்கு ஒரு காது மட்டும் மறுபடி கேட்டது. தூரத்தில் லேசாக உறுமினாலும் நான் பிள்ளைகளை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினேன்.

அடுத்த லீவில் ஊருக்கு வந்த கணவர் மாடி அறையில் எல்லாருக்கும் பாய் விரித்தார். நானும் நாத்தனாரும் கீழேயே படுத்தோம். அவர் வற்புறுத்தவில்லை.