ஜாமீன் போட்டவள் சொன்ன பொய்

பச்சைத் தேயிலைக்கு விலையே இல்லாமல் போன வருடங்கள் அவை. குன்னூரிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம் போனால் வரும் ஒரு சின்னப் பேரூராட்சியில் நான் தொடக்கப் பள்ளி ஆசிரியையாக இருந்தேன். எங்கள் தெருவிலேயே, நாலு வீடு தள்ளி, பேரூராட்சியின் பில் கலெக்டர் குடியிருந்தார். வீட்டு வரியையும் தண்ணீர் வரியையும் வீடு வீடாகப் போய் வசூலித்து அலுவலகத்தில் கட்டுவது அவர் வேலை. ஊரே அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடும். நானும் அப்படித்தான்.

அந்த வேலையில் அவர் சேர்ந்தபோது, நிரந்தர அரசு ஊழியர் ஒருவர் ஜாமீன் தர வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். பத்திரத்தை எடுத்துக்கொண்டு மனைவியோடு எங்கள் வீட்டுக்கு வந்தார்.

“படிச்சுப் பாத்துட்டுக் கையெழுத்துப் போடுங்க டீச்சர். அவசரமில்லீங்க” என்றார்.

“நாப்பது புள்ளைங்க நோட்டையே இன்னும் திருத்தி முடிக்கல. இதையும் படிக்கச் சொல்றீங்களாண்ணா?” என்று சிரித்துக்கொண்டே போட்டுவிட்டேன்.

ஏதாவது ஆனால் முதலில் அவரிடம் கேட்பார்கள், அவரிடம் இருப்பதையெல்லாம் வாங்கிக்கொண்டு கடைசியில்தான் என்னிடம் வருவார்கள் என்று நானாகவே நினைத்துக்கொண்டேன். நேராக என் சம்பளத்திலேயே கை வைக்கலாம் என்று அதில் எழுதியிருந்தது பிறகுதான் தெரிந்தது. ‘கேள்வியை ஒழுங்காகப் படி’ என்று பிள்ளைகளிடம் தினமும் தொண்டை கிழியக் கத்துகிறவளுக்கு இது தேவைதான்.

மார்ச் மாதம் வந்தால் பேரூராட்சியில் கெடுபிடி ஆரம்பித்துவிடும். வரி பாக்கி வைத்த வீடுகளுக்குத் தண்ணீர் இணைப்பைத் துண்டித்துவிடுவார்கள். அப்புறம் பள்ளத்து ஊற்றிலிருந்து மேட்டுக்குக் குடம் தூக்க வேண்டியதுதான். எங்கள் பக்கம் பாதிப் பேர் அரை ஏக்கர், ஒரு ஏக்கர் தேயிலை வைத்திருந்தவர்கள். பறித்த இலைக்கு ஃபேக்டரி மாதக்கணக்கில் பணம் தராத நேரம் அது. அண்ணனுக்கு மனசு கேட்கவில்லை. பணம் வாங்காமலே ரசீது கிழித்துக் கொடுக்க ஆரம்பித்தார். “இலைக்காசு வந்ததும் குடுங்க, போதும்” என்பாராம்.

ரசீது கிழித்தால் பணம் வாங்கியதாகத்தான் அர்த்தம். மறுநாளே அலுவலகத்தில் கட்டியாக வேண்டும். கொஞ்ச நாள் தன் சம்பளத்தைப் போட்டுக் கட்டினார். பிறகு ஒரு வீட்டுக்காரர் கொடுத்த பணத்தை இன்னொரு வீட்டுக்காரர் பெயரில் கட்டிச் சமாளித்தார். இரண்டு வருடம் இப்படியே ஓடியிருக்கிறது.

எனக்கும் ஒரு ரசீது அப்படிக் கொடுத்தார். எனக்குக் கஷ்டமெல்லாம் இல்லை. மாதா மாதம் சம்பளம் வருகிறவள். அன்று மார்ச் மாதக் கடைசி, கையில் சில்லறைதான் இருந்தது. “ஒண்ணாம் தேதி வாங்கிக்கறேனுங்க” என்று ரசீதை நீட்டினார். ஒன்றாம் தேதி போயிற்று, மே மாதமும் போயிற்று. நான் மறக்கவில்லை, நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிப்போட்டேன், அவ்வளவுதான். அவரும் கேட்கவில்லை. தனக்கு ஜாமீன் போட்டவளிடம் போய் வரிப் பணம் எப்படிக் கேட்பது என்று கூச்சப்பட்டிருக்கிறார்.

ஜூனில் தணிக்கை வந்தது, குட்டு உடைந்தது. மேலிடத்திலிருந்து விசாரணைக்கு வந்த அதிகாரி, அண்ணனையும் கூட்டிக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கினார். மழைத் தூறல். எங்கள் வாசலில் நின்று, “இந்த ரசீதுக்குப் பணம் கட்டினீங்களா டீச்சர்?” என்று கேட்டார். அவருக்குப் பின்னால் அண்ணன் குடைகூடப் பிடிக்காமல் நின்றார்.

“கட்டியாச்சுங்க” என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? பணம் கட்டாமல் ரசீது வாங்கினேன் என்று ஒரு அரசு ஊழியரே ஒப்புக்கொண்டால் வேலை என்னாகுமோ என்ற பயம். தெருவில் எல்லோரும் அதையேதான் சொன்னார்கள் என்று பிறகு தெரிந்தது. ஆனால் அவர்கள் யாரும் அவருக்கு ஜாமீன் போட்டவர்கள் இல்லை.

அதிகாரி திரும்பி, “நீ என்னப்பா சொல்றே?” என்று கேட்டார்.

“டீச்சர் சொல்றது சரிதானுங்க” என்றார் அண்ணன். என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

வசூலித்த பணத்தைக் கையாடிவிட்டார் என்று அண்ணனுக்கு வேலை போயிற்று. அவரிடம் வாங்குவதற்கு ஒன்றுமில்லை என்பதால் அந்தப் பணத்தை என் சம்பளத்தில் பிடிக்க உத்தரவு வந்தது. நாலு வருடம் பிடித்தார்கள். எங்கள் வீட்டில் கைக்கும் வாய்க்கும் இழுபறி. ஊரே வந்து துக்கம் விசாரித்தது. “நம்பிக் கையெழுத்துப் போட்டு ஏமாந்துட்டீங்களே டீச்சர்” என்றார்கள். வெட்கமில்லாமல் தலையை ஆட்டினேன். அண்ணன் குடும்பத்தோடு திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன்.

கடைசிப் பிடித்தம் முடிந்த மாதம், அவரைப் பார்த்து உண்மையைச் சொல்லிவிடலாம் என்று விசாரித்து விசாரித்துத் திருப்பூர் போனேன். ஒற்றை அறை வீடு. அவர் மனைவி மட்டும் இருந்தார். அண்ணன் நெஞ்சுவலியில் இறந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை.

அழுகையோடு அழுகையாகச் சொல்லிவிட்டேன். “அந்த ரசீதுக்கு நான் பணம் குடுக்கலீங்கக்கா. அன்னைக்குப் பொய் சொல்லிட்டேன்.”

அக்கா சொன்னார்: “தெரியுமுங்க டீச்சர். அன்னைக்கு ஊட்டுக்கு வந்ததுமே சொல்லிட்டாரு. எனக்கு வந்த கோவத்துக்கு உங்க வாசல்ல வந்து நாலு வார்த்தை நறுக்குன்னு கேட்டிருப்பேனுங்க. அவருதான் விடல. ‘அந்தப் புள்ள வேலைக்குப் பயந்து சொல்லிருச்சு. எனக்கு ஒரு கையெழுத்துப் போட்ட பாவத்துக்கு அது வேலையும் போகோணுமா’ன்னாரு.”

என்னை உட்காரச் சொல்லி டீ போட்டுக் கொடுத்தார். குடிக்க முடியவில்லை. மலை ஏறும் பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தேன். அன்று வாசலில் அண்ணன் உண்மையைச் சொல்லியிருந்தால், பணத்தை அவர் எடுக்கவில்லை என்று தெரிந்து கொஞ்சமாவது தப்பித்திருக்கலாம். என்னைக் காட்டிக்கொடுக்க மனமில்லாமல் திருடன் என்ற பெயரோடு போய்ச் சேர்ந்த அந்த மனிதரை நினைத்தால், ஓய்வு பெற்று இத்தனை வருடம் கழித்தும் என்னால் நிம்மதியாகத் தலை நிமிர முடியவில்லை.