சரசு அக்காவின் போனும் தொண்ணூற்றேழு லீட்டர் பாலும்

1. ஆளே இல்லாத ஆள்

யட்டியாந்தோட்டை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த எங்கள் கொமினிகேஷன் கடையில் பகல் பதினொரு மணிக்கு லேண்ட்போன் அடித்தது. இரண்டாயிரத்து ஏழாம் வருசம். எடுத்தேன். மறுபக்கம் சிங்களத்தில் ஓர் ஆண் குரல். எயார்போட்டிலிருந்து பேசுவதாகச் சொன்னார்.

"யோகநாதன்னு ஒருத்தர் இங்க உக்காந்திருக்கார். அவரோட போன்ல ஒரு நம்பர் இல்ல, ஒரு மெசேஜ் இல்ல. சட்டைப்பையில உங்க கடை பில் மட்டும்தான் இருக்கு. இந்த மனுசனுக்கு உலகத்துல யாருமே இல்லையா?"

யோகநாதன் அண்ணனுக்கு ஆள் இல்லாமல் இல்லை. தோட்டத்தில் ஒரு பெண்சாதி, ருவான்வெல்லையில் பெண்சாதிக்குத் தெரியாத ஒரு சிநேகிதம், ஊரெல்லாம் பங்காளிகள். டிரைவர் வேலைக்கு வெளிநாடு போகிறவர். "போற எடத்துல எவனும் என் போன நோண்டி ஒண்ணும் எடுக்கக்கூடாது தங்கச்சி" என்று முதல் நாள் மாலை போனை என் கையில் கொடுத்திருந்தார். நான் உத்தமமாக வேலை செய்தேன். நம்பர், மெசேஜ், படம், கடைசியாக யார் அழைத்தார் என்ற பட்டியல், எல்லாவற்றையும் அழித்து, பிறந்த குழந்தையைப் போல ஒரு போனைத் திருப்பிக் கொடுத்தேன்.

அது யுத்தம் நடந்த செக்பாயின்ட் காலம். நிறைந்த போனைவிடக் காலிப் போன்தான் அவர்கள் கண்ணை உறுத்தும் என்று எனக்கு அப்போது தெரியாது. நான் தெரிந்த சிங்களத்தையெல்லாம் கொட்டி, அவருக்குக் குடும்பம் உண்டு, கடன் உண்டு, சண்டை உண்டு என்று சாட்சி சொன்னேன். குரல் சிரித்தது, அவரை விட்டது. பிளேன் அதற்குள் போய்விட்டது.

மறுநாள் அண்ணன் கடை வாசலில் பெட்டியோடு வந்து நின்றார். முதலாளி கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"அழுக்கு எடுக்கச் சொன்னா தோலையும் உரிச்சு விட்டுட்டியே புள்ள."

2. போன் கழுவுதல்

எங்கள் கடையில் அந்த வேலைக்குப் பெயர் 'போன் கழுவுதல்'. முதலாளி வைத்த பெயர். போட்டோ கொப்பி, ரீலோட், வெளிநாட்டுக்கு ஐ.டி.டி. கோல், அதோடு இதுவும். கேகாலைப் பக்கத்து ரப்பர் தோட்டங்களிலிருந்து வெளிநாட்டு வீட்டு வேலைக்குப் போகிற பெண்கள்தான் அதிகம் வருவார்கள். அவர்களுடைய போன் மூன்று இடத்தில் திறக்கப்படும். இங்கே எயார்போட்டில் ஒரு தடவை. அங்கே இறங்கியதும் ஏஜென்டின் ஆள் பாஸ்போர்ட்டோடு சேர்த்து வாங்கி ஒரு தடவை. பிறகு வேலை செய்யும் வீட்டில் மேடம். மூன்று பேரும் மூன்று விதமாகத் தேடுவார்கள்.

யோகநாதன் அண்ணனின் கதை தோட்டத்து வரிசை வீடுகளில் லயம் லயமாகப் பரவியபின் என்னிடம் வந்தவர் சரசு அக்கா. பால்வெட்டுக்காரி. முழங்கையிலும் நகக்கண்ணிலும் காய்ந்த ரப்பர் பால் ஒட்டியிருக்கும். அதைப் பிய்த்துக்கொண்டே பேசுவார்.

"ஸ்டோர்ல பால் அளக்கும்போது மெட்ரோலாக்க உள்ள மெதக்க விட்டுப் பாப்பாங்க, எவ்வளவு தண்ணி கலந்திருக்குன்னு. தெரியுமா புள்ள?"

"கேள்விப்பட்டிருக்கேன் அக்கா."

"கொஞ்சங்கூட தண்ணி காட்டலன்னா கணக்கப்பிள்ளை நம்பமாட்டாரு. இவ வேற என்னமோ கலந்திருக்கான்னு வாளியக் கவுத்துப் பாப்பாரு. நீ அந்த அண்ணன் போன்ல ஒரு சொட்டுத் தண்ணி விட்டிருக்கணும்."

கடையில் சேர்ந்து எட்டு மாதமாக நான் படிக்காததை அவர் ஒரு வாளிப் பாலில் சொல்லிக் கொடுத்துவிட்டார்.

பிறகு குரலைத் தாழ்த்தி, தான் வந்த விசயத்தைச் சொன்னார். அவர் வீட்டு வேலைக்கு வெளிநாடு போகப்போகிறார்; அவருடைய தங்கச்சி ராணி இரண்டு வருசத்துக்கு முன் அதே ஊருக்குப் போனவள். சம்பளம் கேட்டதற்கு அந்த வீட்டில் அவளை அறையில் வைத்துப் பூட்டினார்கள். ஜன்னல் வழியாக இறங்கி ஓடியவள், பாஸ்போர்ட் இல்லாமல் ஒரு தையல்கடைச் சமையலறையில் ஒளிந்திருக்கிறாள். தனியாக எம்பசிக்குப் போகப் பயம். அவளை அனுப்பிய சப்-ஏஜென்ட் தங்கராசா அவளைத் தேடிக்கொண்டிருக்கிறான், பிடித்து அதே வீட்டில் ஒப்படைக்க. இப்போது சரசு அக்காவை அனுப்புவதும் அவன்தான். அங்கே எயார்போட்டில் போனை வாங்கப் போகிறவன் அவனுடைய மச்சான்.

"ராணி நம்பர் என்கிட்ட இருக்கணும். அவனுங்க கண்ணுல படக்கூடாது."

"மனப்பாடம் பண்ணிக்கிறீங்களா?"

"எம்மனசா? பாதி நம்பர ஏரோபிளேன்லயே எறக்கி வச்சிட்டு வந்துருவேன்."

"வேற பேருல போடுவமா? மாரியம்மன் கோயில்னு?"

"பேரு எதுவா இருந்தா என்னா, அந்த ஊரு நம்பர் அந்த ஊரு நம்பர்தானே. அவன் பேரப் பாக்கமாட்டான், நம்பரத்தான் பாப்பான்."

3. கவுண்டரில் இரண்டு போன்கள்

மூன்று நாள் மண்டையைக் குடைந்தேன். நான் கடைத்தெருவில் பிறந்தவள்; கணக்கை எழுதத் தெரியும், மரத்தை வெட்டத் தெரியாது. வழி சரசு அக்காவிடமிருந்துதான் வந்தது. பால்வெட்டில் ஒரு முறை உண்டு: இன்று வெட்டிய மரத்துக்கு நாளை ஓய்வு. ஆகவே ஒவ்வொருவருக்கும் இரண்டு துண்டு மரம். ஒருநாள் மேல்மலை, மறுநாள் கீழ்மலை. ஒன்று விட்ட நாள் கணக்கு அவர்கள் காலுக்குள் ஊறியிருக்கும்.

ராணியின் நம்பர் எட்டு இலக்கம். இரண்டிரண்டாக வெட்டினால் நான்கு. அக்காவின் புருசன் சந்திரன் அண்ணன் அனுப்புவது போல ஒரு மெசேஜ்: எட்டு நாளும் தான் வெட்டிய பால் எத்தனை லீட்டர் என்ற கணக்கு. மேல்மலை நாள் நான்கில் ராணியின் நம்பர். கீழ்மலை நாள் நான்கில் வாய்க்கு வந்த எண்கள்.

எழுதிக் காட்டினேன். அக்கா படித்துவிட்டு ஸ்டூலிலேயே முன்னும் பின்னும் ஆடிச் சிரித்தார்.

"புதன்கெழம தொண்ணூத்தேழு லீட்டரா? அது மரமா, பைப்பா? எங்க வீட்டாளு முப்பது கொண்டாந்தாலே பெரிய விசயம்."

"நம்பர்ல தொண்ணூத்தேழுதான் அக்கா இருக்கு. மாத்த முடியாதே."

"விடு. கேட்டா ஒரு பதில் சொல்லிக்கலாம்."

அந்த ஒரு மெசேஜ் மட்டும் கிடந்தால் அதுவும் காலிப் போன்தான். அதைச் சுற்றி ஒரு குடும்பத்தைக் கட்ட வேண்டும். சந்திரன் அண்ணனின் போனை வாங்கி வைத்துக்கொண்டு, இங்கிலீஷ் எழுத்தில் தமிழைத் தட்டித் தட்டி அனுப்பினேன். கவுண்டரில் இரண்டு போன்களும் எதிரெதிரே கிடந்து ஒன்றையொன்று கூப்பிட்டன, சிணுங்கின, வெளிச்சம் காட்டின. பக்கத்து லயத்துக்காரி பலாக்காய் திருடியது. கோழி அடைக்கு உட்கார்ந்தது. சங்கிலி வாளிக்கு ஓட்டை. என் வாழ்க்கையில் நான் எழுதிய முதல் நாவல் அதுதான். ஆறு சங்கதி கொண்டது.

மாலையில் சந்திரன் அண்ணன் போனை எடுக்க வந்தார். அதிகம் பேசாத மனுசன். நான் எழுதியவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"நான் இம்புட்டு பேசமாட்டனே தங்கச்சி."

"போனுக்குள்ள பேசுங்க அண்ணே."

பிறகு போனோடு போட்டோ கொப்பி மெசினுக்குப் பின்னால் போய், சுவரைப் பார்த்துக்கொண்டு, ஒரு விரலால் தட்டினார். அரை மணித்தியாலம். இரண்டு கண்டி பஸ் போய்விட்டது. கவுண்டரில் இருந்த அக்காவின் போன் ஒருமுறை சிணுங்கியது.

"அதத் தொறக்காதீங்க" என்றார். நானும் திறக்கவில்லை.

4. நாங்கள் மறந்த ஓட்டை

பயணத்துக்கு முதல் நாள் தங்கராசா கடைக்கு வந்தான். வெள்ளைச் சட்டை, கையில் ஒரு கட்டு பாஸ்போர்ட். போட்டோ கொப்பி எடுக்க வேண்டும் என்றான். நான் மெசினை ஓட்டிக்கொண்டிருந்தபோது கவுண்டரில் சாய்ந்தான்.

"அந்தப் பால்வெட்டுப் பொம்பள சரசு, இங்க வந்துதானே வெளிநாட்டுக்குக் கோல் எடுப்பா?"

"எல்லாரும் வாராங்க."

அவன் கை கவுண்டரில் இருந்த கணக்குக் கொப்பியைப் புரட்டத் தொடங்கியது. ஐ.டி.டி. கொப்பி. யார், எந்த நம்பர், எத்தனை நிமிசம் என்று ஒவ்வொரு கோலையும் என் கையாலேயே எழுதுவேன். வாரா வாரம் அதே நம்பர், பக்கத்தில் என் முத்துமுத்தான எழுத்தில்: 'சரசு அக்கா – தங்கச்சிக்கு'. போனைக் கழுவி, கணக்கைப் பாலில் கரைத்து, கடைசியில் அதை ஊரே புரட்டக்கூடிய ஒரு கொப்பியில் தைத்து வைத்திருந்தது நான்தான்.

அவன் நடுப்பக்கத்தில் இருந்தான். இன்னும் நான்கு தாள்.

"அண்ணே" என்றேன், மெசினை விட்டுத் திரும்பாமல். "நல்லாப் பாருங்க. ஒங்க கோலும் அதுலதான் இருக்கு. அந்த அவிசாவளை நர்சு துபாய்ல இருந்தப்ப நீங்க இங்கயிருந்துதானே கோல் எடுத்தீங்க, மறந்துட்டீங்களா? நேத்து ஒங்க வீட்டு அக்கா ரீலோட் போட வந்தாங்க. இதே எடத்துல நின்னு இதே கொப்பியத்தான் பொரட்டிக்கிட்டு இருந்தாங்க. நான்தான் சட்டுன்னு மூடினேன்."

தாள் புரள்வது நின்றது.

முதலாளி பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னார்: "மூடிருவமா தம்பி, இல்ல அவங்களையும் வரச் சொல்லி எல்லாரும் ஒண்ணா உக்காந்து படிப்பமா?"

தங்கராசா கொப்பியை மூடினான். போட்டோ கொப்பி எடுத்த பாஸ்போர்ட்டில் இரண்டைக் கவுண்டரிலேயே மறந்துவிட்டுப் போனான். அவன் பெண்சாதி முதல் நாள் வரவேயில்லை. அந்த அக்காவுக்கு நான் இன்றும் ஒரு மன்னிப்புக் கடன்பட்டிருக்கிறேன்.

அன்றே முதலாளி கொப்பியைக் கிழித்துப் பின்புறத்துப் பேசின் தண்ணீரில் ஊறப் போட்டார். மை நீலமாக இறங்கியது. மறுநாளிலிருந்து கணக்கைத் துண்டுச் சீட்டில்தான் எழுதுவது, கோல் எடுத்தவரே அதைக் கையோடு கொண்டுபோக வேண்டும் என்று சட்டம் வைத்தோம்.

5. படித்தவன்

ஆறு நாள் தகவல் இல்லை. ஏழாம் நாள் லேண்ட்போன் அடித்தது. பின்னால் தையல் மெசின் கடகடக்கும் சத்தம், யாரோ ஒரு பெண் சிரிக்கும் சத்தம்.

"நான்தான் புள்ள. இங்க எந்தங்கச்சி எனக்குச் சோறு போட்டுக்கிட்டிருக்கா. மேடம் போன ஒரு பொரட்டு பொரட்டிட்டு, இன்னிக்கு லீவு குடுத்துட்டா."

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அக்கா சொன்னார். இங்கே எயார்போட்டில் ஒருவர் போனைப் புரட்டி, கோழி மெசேஜைப் படித்துச் சிரித்துக் கொடுத்துவிட்டார். அங்கே இறங்கியதும் தங்கராசாவின் மச்சான் வாங்கினான். நம்பர் எல்லாவற்றையும் பார்த்தான். அந்த ஊர் நம்பர் ஒன்றுமில்லை. மெசேஜுக்கு வந்தான்.

"அவன் எந்த ஊருங்கிற? நம்ம ருவான்வெல்லப் பக்கம். தகப்பன் பால்வெட்டுக்காரனாம். நேரா புதன்கெழமையில வந்து நின்னுட்டான். 'என்னா, தொண்ணூத்தேழு லீட்டரா?'ங்கிறான்."

"ஐயோ. நீங்க என்ன சொன்னீங்க?"

"'எங்க வீட்டாளு தண்ணி ஊத்துவாருங்க'ன்னேன். 'இம்புட்டா?'ன்னான். 'ஓடை பக்கத்துல இருக்குங்க'ன்னேன். அவனுக்குச் சிரிப்பு வந்துருச்சு. ஆனா வெரல நிப்பாட்டல. திரும்ப அந்தக் கணக்குக்கே மேல போறான், கீழ வாரான். எனக்கு நெஞ்சு அடிக்குது. அப்புறம் அடுத்த மெசேஜத் தொறந்தான். கடைசி மெசேஜ்."

"அண்ணன் அனுப்புனதா?"

"ம். படிச்சான். என் மொகத்தப் பாக்கல. போனைக் கையில குடுத்துட்டு, 'போங்க அக்கா'ன்னான்."

அக்காவின் குரல் தாழ்ந்தது.

"அது நீ எழுதுனது இல்லதானே புள்ள?"

"நான் பாக்கவே இல்லக்கா."

"நெசமா?"

"நெசமா."

"சரி" என்றார். அந்தச் 'சரி'யில் ஒரு பெரிய மலை இறங்கி உட்கார்ந்தது போல இருந்தது.

அக்கா துணைக்குப் போனதில், இரண்டு மாதத்தில் ராணி எம்பசி வழியாக ஊர் வந்து சேர்ந்தாள். பஸ்ஸிலிருந்து இறங்கியவள் முதலில் எங்கள் கடைக்குத்தான் வந்தாள், ரீலோட் போட. நம்பரை வாயால் சொல்லாமல் ஒரு துண்டில் எழுதிக் காட்டி, போட்டு முடிந்ததும் துண்டைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். நல்ல பழக்கம்.

கடல் தாண்டப் போகிற ஒருவரின் போனைக் கையில் வாங்குகிற பிள்ளைகளுக்கு நான் சொல்ல இருப்பது இவ்வளவுதான். காலியாக்காதீர்கள், காலிக்குள் எல்லாரும் கை விட்டுப் பார்ப்பார்கள். ஒளிக்க வேண்டியதை ஒளிக்கிறவருக்கு மட்டும் வழி தெரிந்த இடத்தில் வையுங்கள். உங்கள் மேசையில் கிடக்கும் கொப்பியை முதலில் பாருங்கள், ஓட்டை அனேகமாக அங்கேதான். 'தொறக்காதீங்க' என்று சொன்னதைத் திறக்காதீர்கள்.

கடைசியைக் கடைப்பிடிப்பதுதான் எனக்குப் பெரும்பாடு. அன்றைக்கு ராணியிடம் கேட்டே விட்டேன்.

"அந்த மெசேஜுல என்னா இருந்துச்சுன்னு அக்கா சொன்னாங்களா?"

"நானும் கேட்டேன்" என்றாள் ராணி. "போடின்னுட்டா."