‘சீக்கிரம்’ என்று சொல்லாத பத்து நிமிஷம்

எழுபதுகளின் நடுவில் நடந்தது இது. மூணாறு பக்கம், பள்ளிவாசல் என்ற ஊருக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டில் அப்போது குடியிருந்தோம். என் வீட்டுக்காரருக்கு ஃபாக்டரியில் தேயிலைப் பெட்டி அடிக்கிற வேலை. எனக்குப் பிள்ளைக் கொட்டகையில் ஆயா வேலை. கொழுந்து எடுக்கப் போகும் பெண்கள் காலையில் கைக்குழந்தைகளை என்னிடம் விட்டுவிட்டுப் போவார்கள். சாயங்காலம் வரை பால் கொடுப்பது, துணி மாற்றுவது, தொட்டில் ஆட்டுவது எல்லாம் என் பாடு. எட்டாவது வரை படித்தவள், பத்து வருஷம் பிள்ளைகளோடு மாரடித்தவள் என்பதால், பிள்ளைகளைப் பற்றி எனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்ற நினைப்பு நிறையவே இருந்தது.

எழுதப்போகிற விஷயம் கொஞ்சம் கூச்சமானது. ஆனால் அந்தக் கூச்சத்தால்தான் நானும் எட்டு மாசம் வாயைத் திறக்காமல் கிடந்தேன், அதனால் எழுதிவிடுகிறேன்.

எங்கள் மகளுக்கு அப்போது ஏழு வயசு, இரண்டாவது வகுப்பு. அந்த வருஷம் மழை தொடங்கியதிலிருந்து அவள் ஜட்டியில் மலக் கறை இருக்க ஆரம்பித்தது. முதலில் கொஞ்சம்தான். அப்புறம் தினமும், ஒரு நாளைக்கு மூன்று தடவை, நான்கு தடவை. ராத்திரி படுக்கையும் நனைந்தது. பகலெல்லாம் ஊரார் பிள்ளைகளின் துணியை அலசிவிட்டு வந்து, சாயங்காலம் என் பிள்ளையின் துணியை வேறு அந்த ஐஸ் தண்ணீரில் அலச வேண்டும். மூணாறு மழைக்காலத்தில் துணி எங்கே காய்கிறது? அடுப்புக்கு மேலே கட்டிய கயிற்றில் புகையில் தொங்கும். வீடே நாறும். என் விரல் இடுக்கெல்லாம் வெடித்துப் போயிருந்தது.

வயிறு இளகிப் போகிறது என்று நானே முடிவு கட்டினேன். எஸ்டேட் டிஸ்பென்சரிக்குப் போய், பிள்ளைக்கு வயிறு நிற்காமல் போய்க்கொண்டே இருக்கிறது என்றேன். நான் சொன்னதற்கு ஏற்றபடி வயிற்றுப்போக்கை நிறுத்துகிற வெள்ளையான கட்டு மருந்து ஒன்று கொடுத்தார்கள். அது போதாதென்று என் கைவைத்தியம் வேறு. தேயிலைக் காட்டில் இருக்கிறவர்களுக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். ஃபாக்டரியில் மிஞ்சுகிற டஸ்ட் தேயிலைத் தூளைப் போட்டுக் கறுப்பாகக் கொதிக்க வைத்து, பாலும் சீனியும் இல்லாமல் கட்டன் சாயாவாக ஒரு டம்ளர். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. மூக்கைப் பிடித்துக் குடிக்க வைத்தேன். கீரை, பழம் எல்லாம் நிறுத்தினேன். படுக்கையை நனைக்கிறாளே என்று விளக்கு வைத்த பிறகு தண்ணீரும் கிடையாது. அடித்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். தினமும் அடித்தேன்.

பள்ளிக்கூடத்தில் யாரும் அவள் பக்கத்தில் உட்காரவில்லை. ஒரு நாள் டீச்சர் என்னைக் கூப்பிட்டு, குணமான பிறகு கொண்டுவந்து விடும்படி தன்மையாகத்தான் சொன்னார். அன்றைக்கு ராத்திரி என் வீட்டுக்காரர் கூரையைப் பார்த்துப் படுத்துக்கொண்டே, சங்கரன்கோவிலில் இருக்கும் தன் அக்கா வீட்டில் அவளை விட்டுவிடலாம் என்றார்.

“அக்கா பாத்துக்கிடும். ஒன்னாலயும் இனி முடியாது.”

நான் சரி என்றேன். யோசிக்கக்கூட இல்லை. துவைக்காத ஒரு சாயங்காலம் கிடைத்தால் போதும் என்று இருந்தது எனக்கு. பெற்ற தாய் இப்படியும் நினைப்பாளா என்று கேட்டால், நினைத்தேன்.

அனுப்புவதற்கு முன் பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு தடவை காட்டிவிடலாம் என்று, மலைக்குக் கீழே கோட்டயம் பக்கம் அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே வயசான டாக்டர் ஒருவர் பிள்ளையின் வயிற்றை அமுக்கிப் பார்த்தார். பிறகு என் கையைப் பிடித்து அதே இடத்தில் வைத்தார். கல்லுக் கல்லாக இருந்தது. மலையாளத்தில் வேகமாக ஏதோ சொன்னார், எனக்குப் பாதிதான் பிடிபட்டது. மூன்று நாள் வார்டில் வைத்து எனிமா கொடுத்தார்கள். அவள் கதறினாள், நான் காலைப் பிடித்துக்கொண்டேன். வயிறு போகிற பிள்ளைக்கு இன்னும் போவதற்கு மருந்தா என்று எனக்கு ஒரே எரிச்சல்.

நான்காம் நாள் ஒரு சீட்டு எழுதி வேறு ஓர் அறைக்குப் போகச் சொன்னார்கள். வார்டில் அதற்குக் ‘கைவேலை ரூம்’ என்று பெயர். போய்ப் பார்த்தால், கை விளங்காத ஒருவர் பாசி கோத்துக்கொண்டிருந்தார், இன்னொருவர் சின்னத் தறியில் உட்கார்ந்திருந்தார். பிள்ளை ஜட்டியில் போகிறாள் என்று வந்தால் பாசி கோக்க அனுப்புகிறார்களே என்று எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. திரும்பிப் போகத்தான் இருந்தேன். கதவருகே ஒரு பெண் வந்து மகளின் கையைப் பிடித்துக்கொண்டார்.

அவருக்கு முப்பது வயசு இருக்கும், பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பம். எழுந்து உட்கார, சாப்பிட, உடுத்த முடியாதவர்களுக்கு அதையெல்லாம் மறுபடி பழக்குவதுதான் அந்த அறையின் வேலை என்றும், வெளிக்குப் போவதும் அப்படிப் பழக்க வேண்டிய ஒன்றுதான் என்றும் சொன்னார். அதுவரை என்னென்ன கொடுத்தேன் என்று கேட்டார். நான் பெருமையாகவே ஒப்பித்தேன். கட்டன், கட்டு மருந்து, தண்ணீர் நிறுத்தியது, எல்லாம். கேட்டுக்கொண்டே வந்தவர் பேனாவைக் கீழே வைத்தார்.

“இது போறதில்லையாக்கும். உள்ளே அடைச்சுண்டு, வழியில்லாம கசியறது.”

எனக்குப் புரியும்வரை நிதானமாகச் சொன்னார். என்றோ ஒரு நாள் மலம் இறுகி வலித்திருக்கிறது. அந்தப் பயத்தில் பிள்ளை அடக்கியிருக்கிறாள். அடக்க அடக்க இன்னும் இறுகி, குடல் அகன்று, வருகிற உணர்ச்சியே மரத்துவிட்டது. மேலே இருந்து இளகி வருவது மட்டும் ஓரத்தில் கசிகிறது. அது கசிவது பிள்ளைக்கே தெரியாது. உள்ளே சேர்ந்தது அமுக்குவதால்தான் படுக்கையும் நனைகிறது. எட்டு மாசமாக நான், அடைபட்ட வாய்க்காலை இன்னும் அடைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். தனக்கே தெரியாத ஒன்றுக்காக அவள் என்னிடம் அடி வாங்கியிருக்கிறாள்.

 அவர் என்னைத் தேற்றவும் இல்லை, திட்டவும் இல்லை. சாக்பீஸைக் கொடுத்து, எங்கள் லயத்துக் கக்கூஸை அதே அளவில் தரையில் வரைந்து காட்டச் சொன்னார். லயம் என்பது வரிசை வீடுகள். எங்கள் வரிசைக்கெல்லாம் கோடியில் ஒரே இடம்தான். குழியையும், இரண்டு பக்கமும் கால் வைக்கும் கல்லையும் வரைந்தேன். அதில் மகளை உட்காரச் சொன்னார். கல்லுக்குக் கல் கால் எட்டாமல், குதிகால் தூக்கி, விரல் நுனியில் ஆடிக்கொண்டு, அவர் புடவையைப் பிடித்துக்கொண்டாள். இப்படிக் குந்தினால் உடம்பு விழாமல் இருக்கத்தான் பார்க்கும், வேறு எதையும் விடாது என்றார் அவர்.

பிறகு அவளிடம், அங்கே எது பயம் என்று கேட்டார். அட்டைப்பூச்சி என்பாள், இருட்டு என்பாள் என்று நினைத்தேன். அவள் என்னை ஒரு தடவை பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்.

“அம்மா வெளிய நின்னுக்கிட்டு சீக்கிரம் சீக்கிரம்னு சொல்லும்.”

சொல்லத்தான் செய்தேன். காலையில் பெண்கள் பெரட்டில், அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுக்கிற இடத்தில், பேர் கொடுக்கப் போவதற்குள் நான் கொட்டகையைத் திறந்தாக வேண்டும். எனக்குப் பின்னால் நாலு பேர் வாளியோடு நிற்பார்கள். நான் வேறு என்ன சொல்வேன்? அதை அவரிடம் கொஞ்சம் சூடாகவே கேட்டேன்.

அவர் என்னையே அந்தச் சாக்பீஸ் கோட்டில் குந்தச் சொன்னார். மகளுக்குப் போலவே எனக்கும் கால் எட்டாமல் இருக்க, கால்களை இன்னும் அகற்றி வைக்கச் சொன்னார். எனக்குப் பின்னால் போய் நின்று மேஜையைத் தட்டிக்கொண்டே, சீக்கிரம், சீக்கிரம், நேரமாச்சு என்று சொல்லிக்கொண்டே இருந்தார். விளையாட்டுக்குத்தான் என்று தெரியும். ஆனாலும் என் வயிறு இழுத்துக்கொண்டது, பல் கடித்துக்கொண்டது. பாசி கோத்துக்கொண்டிருந்தவர் எங்களைப் பார்க்காமல் திரும்பிக்கொண்டார். போதும் என்று எழுந்தேன்.

அவர் சொன்னவை பெரிய விஷயங்கள் இல்லை. கட்டனை நிறுத்தணும். தண்ணீர், கீரை, பழம் கொடுக்கணும். டாக்டர் எழுதிய மருந்தை விடாமல் கொடுக்கணும். பிள்ளையின் கால் அளவுக்கு ஒரு பலகை செய்து அந்தக் கல்லின் மேல் போடணும். சாப்பிட்டவுடன் பத்து நிமிஷம் உட்காரணும், வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி. முக்கித் தள்ளக் கூடாது. அதற்குப் பதிலாகக் காகிதக் காற்றாடி ஒன்றை ஊதிக்கொண்டிருக்கணும், ஊதினால் அடிவயிறு தானாக இளகும். காலை எனக்கு ஆகாது என்றேன். யாரும் அவசரப்படுத்தாத நேரம் எது என்று கேட்டார். எனக்கு அப்படி ஒரு நேரமே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. யோசித்து யோசித்து, சாயங்காலக் கஞ்சிக்குப் பிறகு என்றேன்.

“அப்போ வெளியே இருந்துக்கோங்கோ. ஆனா ஒண்ணும் கேக்கப்படாது. போச்சான்னுகூட.”

ஊருக்கு வந்து என் வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் மறுநாள் மேலாளரிடம் கேட்டுத் தேயிலைப் பெட்டிக்கு உதவாத கட்டைகளை வாங்கி வந்து பலகை செய்தார். சிராய் குத்தாமல் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். மகளை அனுப்புவதாக அக்காவுக்கு முன்பே எழுதி வைத்திருந்த கடிதத்தைத் தபாலில் போடவில்லை, ஆனால் கிழிக்கவும் இல்லை. மூன்று மாசம் பார்ப்போம் என்றார்.

தினமும் சாயங்காலம் அந்தப் பலகையைத் தூக்கிக்கொண்டு லயத்துக் கோடிக்குப் போவோம். மகாராணிக்குச் சிம்மாசனம் போகிறது என்று பக்கத்து வீட்டுக்காரி தினமும் கேலி செய்வாள். எனக்குச் சிரிக்கத் தெம்பில்லை. சுவரோரம் குந்திக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருப்பேன். பத்து நிமிஷம் எவ்வளவு நீளம் என்று அப்போதுதான் தெரிந்தது. நாக்கு நுனியில் அந்த ஒரு சொல் வந்து வந்து போகும். சில நாள் அங்கேயே தூங்கியும் போனேன்.

முதல் மாசம் ஒரு மாற்றமும் இல்லை. இரண்டாம் மாசம் கறை குறைந்தது. நடுவில் அவளுக்குக் காய்ச்சல் வந்து பழையபடி ஆகிவிட்டது. அன்றைக்கு ஒரு தடவை கை ஓங்கிவிட்டேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். கையை இறக்கிக்கொண்டு போய்த் துணியைத் துவைத்தேன். மூன்றாம் மாசக் கடைசியில், தொடர்ந்து ஒன்பது நாள் ஜட்டி சுத்தமாக இருந்தது. நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் கெட்டுவிடும் என்று பயம்.

பத்தாம் நாள் அவள் உள்ளே இருந்து வந்தாள். கையைக் கழுவிக்கொண்டு என் முன்னால் வந்து நின்றாள். நான் கேட்காமலேயே, நல்லாப் போச்சு என்றாள். பிறகு காற்றாடியின் குச்சியைத் திருகிக்கொண்டே கேட்டாள்.

“இனி என்னிய சங்கரங்கோயிலுக்கு அனுப்ப மாட்டல்லா?”

பிள்ளை தூங்கிவிட்டாள் என்று நினைத்துத்தான் அன்றைக்கு நாங்கள் பேசினோம். அவள் தூங்கவில்லை. அப்பா சொன்னதும் நான் சரி என்றதும் அவள் காதில் விழுந்திருக்கிறது. அதை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டுதான் ஆஸ்பத்திரிக்கு வந்தாள், எனிமாவுக்குக் கதறினாள், தினமும் அந்தப் பலகையில் உட்கார்ந்தாள். மாட்டேன் என்று சொன்னேன். அவள் அதை நம்பினாளா என்று தெரியவில்லை, தலையை ஆட்டிவிட்டு நடந்தாள். வீட்டுக்குப் போனதும் அந்தக் கடிதத்தை எடுத்து நானே அடுப்பில் போட்டேன். என் வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டிருந்தார், தடுக்கவில்லை.

அடுத்த வருஷம் பள்ளிக்கூடம் திறந்தபோது அவள் மறுபடி இரண்டாம் வகுப்பில் உட்கார்ந்தாள். இப்போது அவளுக்கே பிள்ளைகள் இருக்கிறார்கள், இதையெல்லாம் நாங்கள் பேசிக்கொண்டதே இல்லை. உடம்பு சரியானதற்கு அந்தப் பாலக்காட்டு அம்மாவை இன்றைக்கும் கும்பிடுகிறேன். ஆனால் அனுப்பிவிடப் போகிறார்கள் என்று தெரிந்தும், ஏழு வயசுப் பிள்ளை அத்தனை மாசம் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கப் பயந்து இருந்தாளே, அந்த நினைப்பு மட்டும் இந்த வயசிலும் என்னைத் தூங்கவிடுவதில்லை.